திண்டிவனம் தாண்டாத ரயில்

ரயில் மறுபடியும் திண்டிவனத்தில் நின்றுவிட்டது.

சீனுவாசன் குனிந்து பார்த்தார். விழுப்புரத்தில் அவர் வீட்டு ஹாலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் அவரே அமைத்த குட்டி ரயில்பாதை. விழுப்புரத்தில் கிளம்பும் ரயில் விக்கிரவாண்டி, மயிலம் வழியாகத் திண்டிவனம் போகும். அங்கே ஒரு வட்டமடித்து, வந்த பாதையிலேயே சேர்ந்து ஊர் திரும்ப வேண்டும். சேரும் இடத்தில்தான் வம்பு. சக்கரம் அங்கே பட்டதும் வண்டி செத்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை எங்கண்ணன், நம்ம பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக் கூட்டிக்கினு வருது," என்றார் மனைவி கிருஷ்ணவேணி. "அவங்க எங்க உக்காருவாங்க? மயிலம் ஸ்டேஷன்லயா?"

"ஒரே ஒரு வாட்டி திரும்பி வந்துட்டா போதும். கழட்டி பரண்ல போட்டுடறேன்."

மகள் சூர்யகலா மொபைலிலிருந்து நிமிர்ந்தாள். "பவர் பத்தலையோ என்னவோப்பா. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு எலக்ட்ரிக்கல் கடை இருக்குது. கேட்டுப் பாருப்பா."

கடை கவுண்டரில் சித்தார்த்தன் என்ற இளைஞன் நின்றிருந்தான். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"இப்ப என்னா சப்ளை குடுக்கறீங்க சார்?"

"பழைய மோடத்தோட அடாப்டரு. ஒரு ஆம்பியரு."

"அது பத்தாது சார். கேமராவுக்குப் போடற பெரிய சப்ளை எடுத்துக்கினு போங்க. அஞ்சு ஆம்பியரு."

பெரிய சப்ளையிலும் ரயில் திண்டிவனத்தில் நின்றது. ஆனால் கரண்டு நிற்கவில்லை. வயர் உருகி, மயிலம் மலைமேலிருந்த அட்டைக் கோயில் புகைய ஆரம்பித்தது. கிருஷ்ணவேணி கையில் தோசைக் கரண்டியோடு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"நானே வந்து பாக்கறேன் சார்," என்றான் சித்தார்த்தன். வந்தான். பாதையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன், சூர்யகலா காபி கொண்டுவந்ததும் அதை மறந்துவிட்டான்.

"ஃபியூஸ் போட்டுடலாம் சார்," என்றான் காபி முடிந்தபின்.

ஃபியூஸ் போட்டார்கள். வயர் பிழைத்தது. ஆனால் ரயில் திண்டிவனத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு ஃபியூஸ் போயிற்று. வாங்கிய டப்பா காலியானதும் சீனுவாசனுக்குக் கோபம் வந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கிச் செருகினார். இந்த முறை இன்ஜினிலிருந்தே புகை வந்தது. நிஜ நீராவி இன்ஜின் மாதிரி நன்றாகத்தான் இருந்தது, நாற்றம் வரும்வரை.

"ஃபியூஸ் தன் உசுர விட்டுத்தான் மத்ததைக் காப்பாத்தும் சார்," என்றான் சித்தார்த்தன். "அதைச் சாகவே விடலன்னா எப்படி?"

வீடெல்லாம் கருகல் வாடை. கிருஷ்ணவேணி அண்ணனுக்கு போன் போட்டு, மாப்பிள்ளை வீட்டாரை அடுத்த வாரம் வரச் சொன்னார். அன்றைக்கு சூர்யகலா மட்டும் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

அடுத்து ஒரு எலக்ட்ரானிக் பிரேக்கர் வந்தது. ஷார்ட் ஆனால் தானாக கட் ஆகும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்ப வரும். புது இன்ஜின் திண்டிவனம் போய் நின்றது, துள்ளியது, நின்றது, துள்ளியது. விக்கல் எடுத்தவன்போலத் துள்ளித்துள்ளி பாதையை விட்டு இறங்கி, பலகை ஓரத்திலிருந்த மல்லாட்டைச் சட்னியில் விழுந்தது.

"பேஜாரு புடிச்ச ரயிலு," என்றார் கிருஷ்ணவேணி. "அந்தத் தம்பி பாவம், இதுக்காகத் தினம் வந்துக்கினு இருக்குது."

தம்பி இதற்குள் அந்த வீட்டு மிக்ஸியையும் மோட்டாரையும் சரிசெய்திருந்தான். மாப்பிள்ளை வீட்டார் வருகை இன்னொரு வாரம் தள்ளிப்போயிருந்தது.

சீனுவாசன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "போதும் தம்பி. நமக்குக் குடுத்துவைக்கல. கழட்டிடறேன். இனிமே நீங்களும் அலைய வேணாம்."

சித்தார்த்தனின் முகம் தொங்கிவிட்டது. சூர்யகலாவைப் பார்த்தான். அவள் ஃபேனைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் சார்," என்றவன் ரம்பத்தகட்டை எடுத்து, வட்டம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் தண்டவாளங்களை அறுத்தான். நடுவில் பிளஸ் மைனஸை மாற்றிப்போட ஒரு ஸ்விட்சைச் சேர்த்தான். "வட்டம் சுத்தி வந்ததும் சக்கரம் பிளஸ் தண்டவாளத்தை மைனஸோட சேத்துடுது சார். எந்த சப்ளை போட்டாலும் ஷார்ட்டுதான் ஆவும். இப்ப ஓட்டிப் பாருங்க."

ரயில் திண்டிவனத்தைச் சுற்றியது. சேரும் இடத்தைத் தாண்டியது. மயிலம், விக்கிரவாண்டி எல்லாம் கடந்து விழுப்புரத்தில் வந்து நின்றது. சீனுவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிருஷ்ணவேணிகூடக் கைதட்டினார்.

மறுநாள் சீனுவாசன் கடைக்குப் போனபோது முதலாளி அந்தோணிசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கடைப் பையனைப் பத்திச் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்," என்றார். "தங்கமான புள்ளை. இந்த மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம். பார்த்து சம்பளத்தை ஏத்திக் குடுங்க."

"யாருங்க சார்?"

"சித்தார்த்தன்."

அந்தோணிசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு எங்க கடை ஆளு இல்லீங்களே. காலேஜுல எலக்ட்ரிக்கல் வாத்தியாரு. 'எங்க மாமனாரு வருவாரு, கொஞ்ச நேரம் கவுண்டர்ல நின்னுக்கறேன்'னு கேட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."