பேனா அவித்தவள்

தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு, ஒரு வேலையை வரிசைப்படுத்தி எழுதிவிட்டால் பாதி முடிந்தது என்றொரு நம்பிக்கை உண்டு. எனக்கு முழுவதும் முடிந்துவிட்டதாகவே தோன்றும்.

அப்பா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். வேலையில் சேர்ந்தபோது வாங்கிய கறுப்பு எபோனைட் மைப்பேனாவை, ஓய்வு பெறப்போகும் சமயத்தில், குறுக்குத்துறைப் படித்துறையில் குனிந்து கால் கழுவும்போது ஆற்றில் விட்டுவிட்டார். கடைசிக் கையெழுத்தையும் அதே வகைப் பேனாவில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. கம்பெனியோ அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது.

பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்த காலம். பழைய கடைச் சரக்கு விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் அதே பேனா, பாதி விலைக்குக் கிடைத்தது.

"கம்ப்யூட்டர்ல பேனா காய்க்குதாக்கும்?" என்றார் அப்பா. என் படிப்புக்குச் செலவழித்தது பற்றி அவருக்கிருந்த சந்தேகம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

கூரியரில் பேனா வந்தது சரஸ்வதி பூஜை அன்று காலையில். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைப் புத்தகங்களின் மேல் வைத்து, சந்தனம் குழைத்து அப்பியிருந்தாள்.

"நிப்புலயுமா அம்மா?"

"எழுதுத இடம் அதுதானட்டி. அங்கன வைக்காம வேற எங்கன வைக்க?"

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. விஜயதசமி காலையில் அப்பா பிள்ளையார் சுழி போட்டார். தாளில் பள்ளம் விழுந்தது, மை விழவில்லை. சந்தனம் உள்ளே சிமெண்டாகியிருந்தது.

நான் பதறவில்லை. தாளில் எழுதினேன்: ஒன்று, மூடியைக் கழற்றுதல். இரண்டு, கொதிநீரில் ஊறவைத்தல். மூன்று, துடைத்தல். (எபோனைட் ரப்பரின் உறவு, சூட்டில் இளகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.)

வெளியே எடுத்தபோது பேனா முருங்கைக்காயாக வளைந்து, காய்ந்த சாணத்தின் நிறத்தில் இருந்தது.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துக்க வீட்டில் நிற்பதுபோல் நானும் அம்மாவும் நின்றோம். மை நிரப்பி எழுதிப் பார்த்தார்.

"எழுதுது," என்றார். "ஆளுதான் கொஞ்சம் கூனிட்டான்."

கடைசி நாளில் அந்தக் கூனனைக் கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் திசையன்விளையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணுக்குச் சமையல் தெரியுமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"பேனா நல்லா அவிப்பா," என்றார் அப்பா நிதானமாக. விவரம் சொல்லி, சாட்சிக்குப் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

மாப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எத்தன விசிலு விட்டீங்க?"

அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றும் நான் குக்கரை அடுப்பில் ஏற்றினால், சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.