வீட்டுக்குள் கடல் கட்டிய 'இன்னாத்துக்கு' அண்ணன்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிக் குடியிருக்கும் இத்தனை லட்சம் ஜனங்களில், கடல் தண்ணீரைத் தன் கையாலேயே வாளியில் தயாரித்த ஒரே மனிதர் எங்கள் மாடி வீட்டு 'இன்னாத்துக்கு' அண்ணன்தான். மொட்டை மாடியில் ஏறி நின்றால் கடல் தெரியும். நடந்தால் ஏழு நிமிடம். ஆனாலும் அவர் பாக்கெட் உப்பு வாங்கிவந்து, குடிதண்ணீரில் கரைத்து, கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. யார் எதைச் சொன்னாலும் "இன்னாத்துக்கு?" என்பார். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலைக்குப் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுவார்கள் அல்லவா, அதற்கும் கேட்டார்.

"இத்த இன்னாத்துக்கு காட்டுற? புட்ச்சிக்கலன்னா திருப்பி ஒட்டுவியா?"

அதன் பிறகு அந்த சலூனில் யாருக்குமே கண்ணாடி காட்டுவதில்லை.

அண்ணன் துறைமுகக் கன்டெய்னர் யார்டில் மெக்கானிக். உறைந்த இறாலும் மீனும் கப்பலேறும் குளிர்பெட்டிகளுக்கு அங்கே 'ரீஃபர்' என்று பெயர். ஒருநாள் ஒரு ரீஃபர் மக்கர் பண்ண, போனில் அந்த வார்த்தையைப் போட்டுத் தேடியிருக்கிறார். வந்தது கன்டெய்னர் இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் பவளமும் மீனுமாக ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொண்டு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். பவளத்தொட்டி வளர்க்கிறவர்களும் தங்களை ரீஃபர் என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம். அன்று அந்தக் கன்டெய்னரை வேறு யாரோதான் சரிசெய்தார்கள்.

சாயங்காலம் நேராகக் கீழ்வீட்டுக்கு, என்னிடம் வந்தார்.

"மாமு, கடலுக்குள்ள இன்னா கீதுன்னு நீ பாத்துகீறியா?"

"மீன் இருக்கும்ணே."

"அது எனக்கும் தெரியும். மீனு இன்னா பண்ணிகினு கீது?"

நான் யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"முப்பது வருசமா கடலாண்டயே கீறேன் மாமு. மேல்தோலத்தான் பாத்துகீறேன்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

இத்தனைக்கும் அவர் மீனவக் குடும்பத்து மாப்பிள்ளை. மனைவி ரீட்டா அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். மைத்துனர் ஜோசப்புக்குச் சொந்தப் படகு உண்டு. அண்ணனுக்கோ படகில் ஏறிய பத்தாவது நிமிடம் குடல் வாய்க்கு வந்துவிடும். "மாமாவ கடலுக்கு இட்டும் போனா மீனுக்குத் தீனி தனியா போட வேணாம்" என்று ஜோசப்பு கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடவே சிரித்துவைப்பார்.

தீபாவளி போனஸ் வந்தது. "அந்தத் துட்டு எம்மாமோ அம்மாந்தான் உன் கடலு" என்று ரீட்டா அக்கா எல்லை வகுத்துவிட்டார். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு ஞாயிறு காலை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் முப்பது வயது இளைஞர். நல்ல பொறுமைசாலி, அன்று காலை வரை.

"முதல்ல ஹீட்டர் சார். தண்ணி சூடு ஒரே மாதிரி இருக்கணும்."

"நைனா, இது மெட்ராஸு. மே மாசம் கொயாவத் தொறந்தா அப்டியே டீத்தூள் போட்லாம். ஹீட்டரு இன்னாத்துக்கு?"

கடைக்காரர் ஹீட்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செட்டுல வருது சார்" என்றார். அந்த ஹீட்டரைப் பல வருடங்களாக அவர் விற்றுவந்திருக்கிறார். ஏன் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"சூட்டக் கொறைக்கத்தான் வழி வேணும்" என்றார் அண்ணன்.

கடைக்காரர் உற்சாகமாகி, தண்ணீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' இயந்திரத்தைக் காட்டி விலையைச் சொன்னார். அண்ணன் விலைச்சீட்டைத் திருப்பிவைத்தார். "அந்தத் துட்டுக்கு எனக்கே ஏசி போட்டுக்குவேன். பழைய கம்ப்யூட்டர் பேன் ரெண்டு கீது. தண்ணி மேல ஊதினா சில்லுனு ஆயிடும். மண்பானை கணக்கு." முப்பது வருடம் குளிர்பெட்டி பார்த்தவரோடு யார் வாதாடுவது?

அடுத்து ஸ்கிம்மர். தண்ணீரிலிருக்கும் அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் குழாய்.

"வாரத்துக்கு ஒரு தபா ஒரு பக்கெட்டு தண்ணிய மாத்துனா அந்த அழுக்கு பூடுமா?"

"சின்னத் தொட்டின்னா போயிடும் சார்."

"வூட்ல பக்கெட்டு கீது."

ஸ்கிம்மரும் போனது. ஆனால் அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. ஓரடித் தொட்டி மலிவாயிற்றே என்று அவர் கை வைத்தபோது, "சின்னதுதான் சார் கஷ்டம். தண்ணி கம்மியா இருந்தா சூடும் உப்பும் சட்டுனு மாறிடும், உயிர் தாங்காது" என்றார் கடைக்காரர். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அன்று அவருக்குக் கிடைத்த முதல் சரியான பதில் அதுதான். இரண்டடித் தொட்டியாகவே எடுத்தார். விளக்கின் விலை கேட்டு நான் பயந்தேன்.

"இத்த இன்னாத்துக்கு இம்மாம் வெல?"

"பவளத்துக்கு வெளிச்சம்தான் சார் சாப்பாடு."

"அப்ப குடு. சாப்பாட்ல கை வெக்கக் கூடாது."

அலையடிக்கும் மோட்டாரையும், உப்பளவு பார்க்கும் கருவியையும் பேரம் பேசாமல் வாங்கினார். கல்பவளம் வேண்டாம், அதை வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம் என்று படித்துவந்திருந்தார். பில் போடும்போது கடைக்காரர் கடைசியாக ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார். கடையிலேயே அதுதான் மலிவு.

"கரண்ட் போனா உதவும் சார்."

"இப்ப எங்க கரண்டு போவுது? இன்னாத்துக்கு?"

கடைக்காரருக்கு வாதாடத் தெம்பில்லை. டப்பா உள்ளே போய்விட்டது.

தண்ணீருக்கு ஜோசப்பு பொறுப்பேற்றார். கரையோரத் தண்ணீர் கலீஜ், நடுக்கடலில் மொண்டு வருகிறேன் என்று இரண்டு கேன்கள் கொண்டுவந்தார். ஊற்றிப் பார்த்தால் மேலே வானவில் மிதக்கிறது. டீசல் கேன். அதற்குப் பிறகுதான் அண்ணன், கடல்தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்புக்கு வந்தார். அப்போது எங்கள் குழாயில் வந்துகொண்டிருந்தது மீஞ்சூர் தண்ணீர்.

"அங்க கடல் தண்ணிலேர்ந்து உப்ப எடுத்துட்டு நமக்கு அனுப்புறாங்க. நான் அதுல உப்பப் போட்டு மறுக்கா கடலாக்குறேன். எம்மாம் பெரிய சுத்து பாத்தியா மாமு" என்று ஆச்சரியப்பட்டார்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று தெரிந்ததும் கேன் தண்ணீருக்கு மாறினார். கேன் தண்ணீரைச் சோதிக்க, தண்ணீரில் கரைந்திருப்பதை எண்ணாகக் காட்டும், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினார். அதோடு தெருவின் நிம்மதி போயிற்று. எங்கள் வீட்டு ரசத்தில் விட்டுப் பார்த்தார். டீக்கடையில் டீயில் விட்டுப் பார்த்தார். கடைசியில், எங்கள் தெருவுக்கு வரும் 'சுத்திகரிக்கப்பட்ட' கேன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே எண்ணைக் காட்டுவதைக் கண்டுபிடித்தார். கேன்காரர் ஒரு வாரம் தெருப் பக்கமே வரவில்லை. வந்தபோது நிஜமாகவே நல்ல தண்ணீரோடு வந்தார்.

தொட்டி தயாரானது. கல், மணல், தண்ணீர், அலை, விளக்கு எல்லாம் இருந்தன. மீன் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் ஆயிற்று. பார்க்க வந்தவர்களிடம், "மொதல்ல பாக்டீரியா வளரணும். அதுதான் அப்பால மீனோட அழுக்கத் துன்னும்" என்று விளக்கினார். மாடி வீட்டுக்காரர் கிருமி வளர்க்கிறார் என்று செய்தி தெரு முனையை எட்டியது. டெங்கு கொசுவுக்காக வீடுவீடாகப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருநாள் டார்ச்சோடு வந்து நின்றார்.

"தண்ணி தேங்கிக் கிடக்குதுன்னு புகார் வந்திருக்கு."

"தேங்கலம்மா, சுத்திகினு கீது. அலையப் பாரு" என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "புகார் குட்த்தது யாரு?"

"நான்தான்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ரீட்டா அக்காவின் வாதம் எளிமையானது. மீன் கடலில் இருக்க வேண்டும், இல்லையேல் குழம்பில் இருக்க வேண்டும். நடுவில் இன்னோர் இடம் கிடையாது. ஆனால் வீட்டில் உப்பைப் புரிந்தவரும் அவர்தான். விசிறிக் காற்றில் தண்ணீர் வற்ற வற்ற, அண்ணன் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார். கருவியில் உப்பளவு நாளுக்கு நாள் ஏறியது. ஏனென்று புரியாமல் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். நான்காம் நாள், கூடையைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னார்: "உப்பளத்துல இன்னா நடக்குது? தண்ணி பூடும், உப்பு நிக்கும். அதுல போயி மறுக்கா உப்பத் தண்ணியே ஊத்துறியே. நல்ல தண்ணி ஊத்துயா."

அண்ணன் அக்காவைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்து, அன்றுதான் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

ஒருவழியாக இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. கூடவே சட்டைப் பொத்தான் அளவில் விரியும் மெத்தென்ற பவளங்கள் கொஞ்சம், கல்லைச் சுத்தம் செய்ய ஓர் இறால். முதல் நாள் அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் மதியம் நான் மேலே போனபோது, மீன் கூடையை வாசலில் போட்டுவிட்டு, தொட்டியின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பெருசு எங்க போனாலும் சின்னது கூடவே போவுது" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "பொயுது விடிஞ்சா மீனுதான். பத்து வயசுலேர்ந்து மீனுதான். உசுரோட ஒண்ண நெதானமா பாத்ததே இல்ல தம்பி."

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வியாபாரம் முடிந்து வந்தால் அரை மணி நேரம் முக்காலி. அதற்குப் பிறகுதான் சோறு.

அந்த வருட மழைக்காலத்தில் புயல் ஒன்று வந்து, விடியற்காலையில் எங்கள் பகுதி முழுவதும் கரண்ட் போயிற்று. அலை நின்றது. எட்டு மணிக்கெல்லாம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணன் சொம்பால் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும். அந்த நேரத்தில் யார்டிலிருந்து போன் வந்தது. அங்கேயும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் பாதிப் பெட்டிகளுக்குத்தான் காணும். இறால் உருக ஆரம்பித்தால் ஏற்றுமதி மொத்தமும் குப்பை. உடனே வரச் சொன்னார்கள்.

யார்டின் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். செத்த இறாலைக் காப்பாற்றப் போவதா, உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுவதா? அக்கா வந்து சொம்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போயா. அது ஊரான் சொத்து, உன்ன நம்பிக் கீது. இத்த நான் பாத்துக்கறேன்."

அன்று அண்ணன் கேள்வி கேட்காமல் படியிறங்கினார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அக்கா மீன் கடைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு அவருக்குக் கை ஓய்ந்தபோது நான் ஊற்றினேன். பிறகு சலூன்காரர் வந்தார். கேன்காரர் வந்து ஒரு மணி நேரம் ஊற்றினார். மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் அம்மா, நடப்பதைப் பார்த்துவிட்டு டார்ச்சைக் கீழே வைத்து, தானும் இருபது சொம்பு ஊற்றிவிட்டுப் போனார். அரை மணிக்கொரு தரம் அண்ணனிடமிருந்து போன் வரும்.

"இன்னா பண்ணுதுங்க?"

"மூச்சு வுட்டுகினு கீதுங்க. நீயும் வுடு" என்று அக்கா வைத்துவிடுவார்.

நான்கு மணிக்குப் படியில் தடதடவென்று சத்தம். ஜோசப்பு, தோளில் படகு பேட்டரியோடு நின்றார். கையில் ஒரு சின்ன இன்வெர்ட்டர். "படகு கரையிலதான கீது, சும்மா கெடக்குது" என்று யாரும் கேட்காமலே காரணம் சொன்னார். வயரை மாட்டியதும் அலை மோட்டார் உறுமியது. பத்து நிமிடத்தில் மீன்கள் கீழே இறங்கின. அக்கா தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

ஆறு மணிக்கு அண்ணன் நனைந்து வந்தார். யார்டில் ஒரு பெட்டிகூட உருகவில்லை. இங்கே இறால் மட்டும் செத்திருந்தது. இரண்டு மீனும் பிழைத்தன. பவளங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தன, மறுநாள் விரிந்துவிட்டன. பேட்டரியைப் பார்த்தார், ஜோசப்பைப் பார்த்தார். உள்ளே போய், மைத்துனருக்குத் தானே டீ போட்டு எடுத்துவந்தார். கல்யாண வீடுகளில் அந்த வாந்திக் கதை அதோடு நின்றது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கொளத்தூர் போய் பேட்டரி மோட்டார் வாங்கினார். "இன்னாத்துக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டாராம். அண்ணனே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நான் பெரம்பூர் பக்கம் வீடு மாற்றிக்கொண்டேன். சென்ற வருடம் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். அண்ணன் வெறுங்கையோடு வந்து, என் போனை வாங்கி, தன் போனிலிருந்து எதையோ அதற்கு அனுப்பினார். "தூக்கம் வராட்டி இத்தப் பாரு மாமு. நெஞ்சு லேசாவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டியைப் படமெடுத்திருந்தார். முழுதாக நாற்பது நிமிடம். பெரிய மீன் போகிறது, சின்னது பின்னாலேயே போகிறது, பவளம் அலையில் அசைகிறது. படம் ஓர் இம்மிகூட ஆடவில்லை. எதன் மீதோ போனைச் சாய்த்துவைத்து எடுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். முப்பதாவது நிமிடம்போல் யாரோ அறைவிளக்கைப் போட, கண்ணாடியில் அவர் தெரிந்தார். பனியனோடு தரையில் சம்மணமிட்டு, முழங்கைகளை முட்டியில் ஊன்றி, இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு, மீதிப் பத்து நிமிடமும் நான் மீனைப் பார்க்கவில்லை.