துண்டுக்குள் நீட்டிய கை

வேலை இல்லாத பி.ஏ.வுக்கு ஊரே ஆலோசகர். பட்டம் வாங்கிய கையோடு நான் ராயபுரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த வருஷம், எனக்குப் புத்தி சொல்லாத வாயே இல்லை. (எதிர் வீட்டுக் கிளி மட்டும்தான் பாக்கி.) அதில் நான் நெட்டுருப் போட்டுக்கொண்டது காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார் சொன்னதை. "முதலாளி கை நீட்டினால் இறுக்கிப் பிடித்துக் குலுக்கு. பிடியிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்."

தண்டையார்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்த பாய்க்கு இங்கிலீஷ் கடிதம் எழுத ஆள் வேண்டுமாம். நைனாதான் விசாரித்து வந்தார். துறைமுகத்தில் கரி இறக்கும் கூலிகளுக்கு அவர் மேஸ்திரி. "இதுவும் பூட்ச்சினா நாளைலருந்து என்கூட வந்து கரிக்கூடை தூக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை. அன்றைக்கே கிளம்பினேன்.

மண்டியில் பாய்க்கு எதிரே, ஆட்டுத்தோல் விற்க வந்த குடியாத்தத்து வியாபாரி ஒருவர் இருந்தார்.

"குந்து தம்பி, இவர முட்ச்சிட்டு வரேன்" என்று பாய் தமக்கும் வியாபாரிக்கும் நடுவில் எனக்கு இடம் காட்டினார். பிறகு தோள்துண்டை வலது கைமேல் போட்டு மூடி, கையை முன்னே நீட்டியபடியே, பின்னால் நின்ற கணக்குப்பிள்ளையிடம் திரும்பி ஏதோ பேச ஆரம்பித்தார்.

கையை எதற்கு மூடி நீட்டுகிறார்? (வியர்வை ஒட்டாமலிருக்க என்று நினைத்தேன். என் மூளை அப்படி.) நீட்டிய கை எனக்குத்தான் என்று முடிவு கட்டி, துண்டுக்குள் கையை விட்டு, அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிக் குலுக்கினேன்.

திரும்பாமலே அவர் என் இரண்டு விரலை அழுத்தினார். அட, இது என்ன பரீட்சை? மறுபடி ஐந்தையும் பிடித்தேன். மூன்றை அழுத்தினார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் ஐந்திலேயே நின்றேன். பாய் பெருமூச்சு விட்டார்.

"கப்பல் காத்துக்கினு கீது. சரி, முடிஞ்சது" என்று திரும்பினார்.

வியாபாரியின் இரண்டு கையும் பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தன.

"அப்ப இது யார் கை?"

"என்னுதுங்க சார்."

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாதபடி துண்டுக்குள் விரல் பிடித்தே பேசுவார்கள், பிடித்த விரல் கூடக் கூட விலையும் கூடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான் பாய். நான் மூணுக்கே ஒத்துக்கினு இருப்பேன்" என்றார் வியாபாரி. சிரிப்பை அடக்க முடியாமல் பொடியெல்லாம் சிந்திவிட்டது.

பாய் சொல் தவறாதவர். ஐந்து விரல் விலையையே கொடுத்தார். என்னிடம் மட்டும், "தம்பி, நீ வேலைக்கு வந்தியா, என் மண்டிய ஏலம் போட வந்தியா?" என்றார். அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கரிக்கூடை தூக்கினேன். தோள் பட்டையெல்லாம் உரிந்து கிடந்தபோது, அந்தக் குடியாத்தத்துக்காரர் என்னைத் தேடிக்கொண்டு துறைமுகத்துக்கே வந்து, தமக்குத் தரகனாக அழைத்துப் போனார். அன்றிலிருந்து அதே மண்டியில், அதே பாயிடம் விரல் பிடிக்கிறேன்.

என் கல்யாணத்துக்கும் பாய் வந்திருந்தார். பெண்ணின் கையை என் கையில் கொடுத்து, மேலே பட்டுத்துணி போட்டு மூடினார்கள். முன்வரிசையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"தம்பி, யார் கைன்னு பாத்துப் புடி. அப்புறம் முடிஞ்சது."

சபையே சிரித்தது. என்னோடு சண்டை வரும்போதெல்லாம், "அன்னிக்கே பாய் சொன்னாரு, நான்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்கிறாள் என் மனைவி.