ஆறாவது ஆளுக்கு ஒரு ஞானத்தகப்பன்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
21.06.1982

அன்பு மாறாத மச்சான் சிறில் அவர்களுக்கு, தங்கள் தங்கை மக்டலினின் புருஷன் சூசைப்பிள்ளை எழுதிக்கொள்வது.

இங்கே என் முழங்கால், அவளுடைய முதுகு, இருவருடைய பிரஷர் எல்லாம் போன கடிதத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே எல்லாரும் சுகம் என்றே எடுத்துக்கொள்ளவும். தங்கள் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் தாங்களும் இயந்திர அறையில் தங்களோடு வேலை செய்பவர்களும் சுகத்தோடு இருக்க மாதாவிடம் மன்றாடுகிறோம். மன்றாட்டு முடிந்தது. இனி நான் கோபமாக எழுதப் போகிறேன். மச்சான் பொறுத்தருள வேண்டும். பொறுக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் இதற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள்தான்.

போன வருஷம் லீவில் வந்தபோது, கப்பலை விட்டு இறங்கிய வெள்ளைக்கார இஞ்சினியர் தந்தது என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "மச்சான், பென்சன் எடுத்தாப் பிறகு சும்மா இருந்தால் மனிசன் துருப்பிடிச்சுப் போவான், இதை விளையாடுங்கோ" என்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? உள்ளே பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒரு ஆங்கிலப் புத்தகமும், நாலு முகம் எட்டு முகம் இருபது முகம் என்று ஒழுங்கில்லாத தாயக்கட்டைகளும் மட்டும்தான். ஒருவர் கதையை நடத்த வேண்டுமாம். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறிக் குகைக்குள் இறங்கிப் பேய் பிசாசுகளோடு மல்லுக்கட்ட வேண்டுமாம். வென்றதா தோற்றதா என்று கட்டை சொல்லுமாம். மக்டலின் கொன்வென்ட்டில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் புத்தகம் அவள் கைக்குப் போனது. புத்தகம் போன கையோடு அதிகாரமும் போனது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தையில் நான் படும் பாட்டைத் தாங்கள் நடுக்கடலில் இருந்துகொண்டு எப்படி அறிவீர்கள்?

விளையாட வருகிறவர்கள் இருவர். ஒருவர், என்னோடு துறைமுகச் சாமான்கிடங்கில் வேலை செய்த ஸஹாப்தீன். கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் துறையைக் கடந்து பஸ் ஏறி வருகிறார். அவருடைய ஆள் ஒரு வியாபாரி. புத்தகத்தில் வியாபாரி என்று ஒரு வகையே கிடையாது, ஆனால் அவர் கேட்டதும் மக்டலின் சரி என்றுவிட்டாள். மற்றவர் பாலையூற்றில் இருக்கும், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது கமலாதேவி. அவருடைய ஆள் ஒரு வைத்தியச்சி. சண்டை முடிந்ததும் அடிபட்ட பேய்க்கும் மருந்து கட்டுவார். இந்த இருவரும் முதல் நாள் எடுத்த ஆளையே இன்றுவரை வைத்திருக்கிறார்கள். அலுப்பே வருவதில்லை. ஒரே வியாபாரி அதே பேயோடு அதே பேரத்தைப் பேசிவிட்டு எப்படி ஒரு மனிதன் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுகிறான் என்று எனக்கு விளங்கவேயில்லை. எனக்கு அலுக்கிறது. அலுப்பு என்ன குற்றமா?

இந்த இடத்தில் தங்கள் தங்கை போட்ட சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர் வைத்து ஒரு ஆளைப் பிறப்பித்தால், கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பு நிற்பதுபோல அதற்கும் ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ இருக்க வேண்டுமாம். "ஞானத்தகப்பன் இல்லாத பிள்ளையைக் குகைக்குள்ளை இறக்க என்னாலை ஏலாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஸஹாப்தீன், தான் முஸ்லிம், ஞானஸ்நானத்துக்கெல்லாம் நிற்க முடியாது, ஆனால் பிணை நிற்பதில் தடையில்லை என்றார். அவளும் ஒத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? பிள்ளை தறுதலையானால் பிணை நின்றவருடைய ஆளுக்கு, தீர்ந்தால் ஆள் செத்தான் என்கிற உயிர்ப்புள்ளி குறையும் என்று தன் பாட்டில் ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டாள். வெள்ளைக்காரன் புத்தகத்தில் இப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளைக்காரனும் ஞானஸ்நானம் பெற்றவன்தானே, எழுத மறந்திருப்பான் என்கிறாள்.

என் முதல் ஆள் வாள்வீரன் வஸ்தியான். ஞானத்தாய் கமலாதேவி. வஸ்தியான் போவான், வெட்டுவான், கட்டை உருட்டுவான், மறுபடி வெட்டுவான். சில ஞாயிறுகளில் இது எனக்குத் துறைமுக இறங்குதுறையில் மூட்டை எண்ணுகிற வேலையாகவே தெரிந்தது. வேறு ஆள் எடுக்க வேண்டுமென்றால் இருக்கிற ஆள் சாக வேண்டுமாம், அதுவும் அவள் சட்டம்தான். ஆகவே வஸ்தியானைக் குகையிலிருந்த கிணற்றுக்குள் குதிக்கவைத்தேன். வைத்தியச்சிக்குப் புள்ளி போனது. இரண்டாவது மந்திரவாதி. பிணை ஸஹாப்தீன். மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரு மந்திரம்தான் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. நித்திரையாக்கும் மந்திரத்தை முதல் கதவுக் காவல்காரர்மேல் விட்டேன். காவல்காரரோடு வியாபாரியும் வைத்தியச்சியும் சேர்ந்து விழுந்து குறட்டை விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குகைக்குள் விழித்திருந்தவன் நான் ஒருவன்தான், செய்வதற்கும் ஒன்றுமில்லை. காலையில் ஒரு வேலை, மிச்ச நேரம் குந்திக்கொண்டிருப்பது என்ற சீவியம் எனக்கு வீட்டிலேயே இருக்கிறதே, அதற்கு ஒரு பெட்டி எதற்கு? எலிகள் வந்து மந்திரவாதியைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆளைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. திருடன். மறுபடியும் பெருந்தன்மையோடு பிணை நின்றவர் ஸஹாப்தீன். திருடன் என்றால் திருட வேண்டும்தானே? பக்கத்தில் நல்ல கனமான மடியோடு நடந்துகொண்டிருந்தவன் அவருடைய வியாபாரி. நான் கட்டையை உருட்டினேன், இருபது விழுந்தது. வாழ்நாளில் எனக்கு இருபது விழுந்தது அந்த ஒரே தடவைதான், மச்சான், அதற்காக ஒருவர் கைதட்டியிருக்கலாம். ஸஹாப்தீன் எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "பிணை நிண்டவன்ட மடியிலேயே கைவச்சிட்டீங்களே, இது என்ன மனிசத்தனம்?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார். விளையாட்டுத்தானே என்று பின்னால் கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நான் துறையைக் கடந்து கிண்ணியாவுக்குப் போய், அவர் வீட்டுக் கதிரையில் இருந்து, இல்லாத ஒரு திருடன் இல்லாத ஒரு வியாபாரியிடம் எடுத்த இல்லாத பொற்காசுகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் ஸல்ஹா உள்ளே நின்று சிரித்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. அடுத்த ஞாயிறே திருடனையும் வஸ்தியான் குதித்த கிணற்றுக்குள் இறக்கிவிட்டேன்.

சரி, புத்தகத்தில் இருக்கிற வகைகளே சரியில்லை, நானே புதிதாக ஒன்று கட்டுகிறேன் என்று தீர்மானித்தேன். உப்புத்தண்ணீர் பட்டு ஒட்டிப்போன சில பக்கங்கள் அந்தப் புத்தகத்தில் இருந்தன. நல்ல ஆட்களெல்லாம் அதற்குள்தான் இருப்பார்கள் என்று எனக்கு உறுதி. குசினியில் தண்ணீர் கொதிக்கிற கேத்தல் மூக்கில் ஆவி பிடித்துப் பிரிக்கப் பார்த்தேன், பக்கங்கள் கஞ்சியாகிவிட்டன. கப்பலில் இருக்கும்போதே தாங்கள் அதைக் கொஞ்சம் வெயிலில் காயவைத்திருக்கலாம். அதனால் சொந்தப் புத்தியில் ஊமை வில்லாளி ஒருவனை உருவாக்கினேன். ஊமை என்பதால் விளையாட்டு முடியும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. அந்த ஞாயிறுகளைப் போல நல்ல ஞாயிறுகள் இந்த வீட்டில் வந்ததேயில்லை என்று மக்டலின் கோயிலில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வில்லாளி, பாம்பு வருவதை மற்றவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் கையைக் காலை ஆட்டி, அவர்கள் அதை நடனம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, கடிபட்டுச் செத்தான். ஐந்தாவது ஆள் அரை வீரன், அரை மந்திரவாதி. இரும்புச் சட்டை போட்டிருக்கும்போது மந்திரம் பலிக்காதாம். அவன் சட்டையைக் கழற்றி, மந்திரம் சொல்லி, மறுபடி சட்டை மாட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் சண்டையை முடித்துச் சாப்பிட்டும் விடுவார்கள். கடைசியில் சட்டைக்குள் ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகச் செத்தான். இந்த இருவருக்கும் ஞானத்தாயாக நின்ற கமலாதேவியின் வைத்தியச்சி இப்போது பொல்லூன்றி நடக்கிறாள்.

புது ஆள் வரும்போதெல்லாம் எல்லாரும் குகை வாசலுக்குத் திரும்பி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "பூமிக்குள்ளை திடீரெண்டு மனிசன் முளைப்பானோ?" என்பது மக்டலினின் வாதம். வந்து போவதற்குள் பேய்கள் எல்லாக் கதவையும் மறுபடி பூட்டிவிடும். ஆக இத்தனை காலத்தில் நாங்கள் மூன்றாம் கதவைத் தாண்டியதில்லை. நேற்று ஸஹாப்தீன் சொல்லிவிட்டார்: "இனி ஒருக்கா வாசலுக்குத் திரும்பி வாறதெண்டா நான் துறை தாண்டி வரமாட்டன்." கமலாதேவி, தன் பெயரில் இனி ஞானப்பிள்ளை வேண்டாம் என்றார். மக்டலின் தீர்ப்பைச் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு ஆள். அவன் குகையின் முடிவுமட்டும் போக வேண்டும். அவனுக்குப் புதிதாக ஒருவர் பிணை நிற்க வேண்டும். கிடையாவிட்டால் பெட்டி அலுமாரிக்குள் போகும், அலுமாரியைப் பூட்டிய திறப்பு அவள் இடுப்பில் இருக்கும். இது நியாயமா? அவளுக்கென்ன, பேயும் அவள், பிசாசும் அவள், வாசல்காவல்காரனும் அவள், சத்திரக்காரியும் அவள், நெருப்புக் கக்கும் பறவை நாகமும் அவள், இடையில் தேத்தண்ணீரும் ரோல்சும் கொண்டுவருபவளும் அவள். நான் கேட்பது ஒரே ஒரு ஆள்!

மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். சாமான்கிடங்கில் முப்பது வருஷம் ஒரே ஆளாகத்தான் இருந்தேன், அப்போது எனக்கு அலுப்பு என்று ஒன்று தெரியவே தெரியாது. பென்சன் எடுத்த பிறகுதான் அந்த ஆளும் இல்லாமல் போனான். ஞாயிறு பின்னேரம் ஒன்றுதான் நான் யாரோவாக இருக்கிற நேரம். ஸஹாப்தீன் வருவது நின்றுபோனால் இந்த வீதியில் கதைப்பதற்கும் எனக்கு ஆளில்லை. ஆகவே தாங்கள் என் ஆறாவது ஆளுக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சம்மதம் என்று உடனே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். ஆளையும் யோசித்துவிட்டேன்: வயதுபோன கப்பல் சமையற்காரன், ஒரு கைதான், அகப்பையால் சண்டைபிடிப்பான், பேய்ப் பாஷை மூன்று தெரியும். இவன் எனக்கு ஒருநாளும் அலுக்க மாட்டான். சத்தியம்.

தங்கள் பயணங்களையெல்லாம் மாதா கூடவே இருந்து காப்பாராக. இயந்திரங்கள் பழுதில்லாமல் ஓடுக. ஸஹாப்தீனும் கமலாதேவியும் விசாரித்தார்கள். தங்கள் தங்கையும் மிகவும் அன்போடு சுகம் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட
சூ. சூசைப்பிள்ளை

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது மக்டலின் குசினியிலிருந்து வந்து, "அண்ணைக்கோ எழுதுறீங்கள்? நான் என்ன சொன்னதாய் எழுதினீங்கள்?" என்று கேட்டாள். சுகம் கேட்டதாக எழுதியிருக்கிறேன் என்றேன். "நான் அப்பிடிச் சொல்லேல்லையே." சொல்லாவிட்டாலும் அப்படித்தானே எழுதுவது, சரி, வேறென்ன எழுத என்று கேட்டேன். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் ஒரு ஆளாய் இருக்க வேணும் எண்டு எழுதுங்கோ."

விளங்கவில்லை என்றேன். "இவ்வளவு நாளும் நான் பேய், நான் பிசாசு, நான் கதவு, நான் தேத்தண்ணி. நீங்கள் அஞ்சு பேரைச் சாக்காட்டிப் போட்டு ஆறாவதுக்கு அலையிறீங்கள். எனக்கு ஒண்டுதானும் பிறக்கேல்லை" என்றாள். வருகிற ஞாயிறிலிருந்து கதையை நான்தான் நடத்த வேண்டுமாம். நேற்றே படலையடியில் வைத்து மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டாளாம். இப்படியென்றால் முதல் படகிலேயே வருகிறேன் என்றாராம் ஸஹாப்தீன். அவளுக்குப் பிணை நிற்க இருவருக்கும் இடையில் சண்டையே நடந்ததாம், எனக்கு நிற்க ஒருவரும் இல்லை. ஆனால் அவளுக்கு அண்ணைதான் வேண்டுமாம். ஆகவே மேலே நான் எழுதிய அகப்பைக்காரனை மறந்துவிட்டு, தங்கள் சம்மதத்தைத் தங்கள் தங்கையின் பெயருக்கு எழுதி அனுப்பவும்; அது வந்து சேரும்வரை சம்மதம் என்றே வைத்துக்கொள்கிறோம்.

என்ன ஆளாக வரப் போகிறாய் என்று கேட்டேன். வாள்காரியாம். மந்திரமில்லை, பாஷையில்லை, ஒரு வாள், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அலுத்துப்போகும், பட்டவன் சொல்கிறேன் என்றேன். "அலுக்கட்டும். எனக்கும் ஒருக்கா அலுத்துப்பாக்க விடுங்கோவன்" என்றாள். இப்போது, மச்சான், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, குகை வாசலில் அவளுக்கு முன்னால் எந்தப் பேயை நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தங்களுக்குத் தெரிந்த நல்ல பேய் ஏதாவது இருந்தால் அதையும் எழுதவும். முதல் ஞாயிறே அவளுக்கு அலுத்துவிடக் கூடாது.