மோடத்துக்கு உப்புச் சுற்றிய சாமி

மெயில் அனுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே அதற்குப் பதிலை வரவழைத்தவர், மூவுலகிலும் மரக்காணத்து மோடம் சாமி ஒருவர்தான். சாட்சி, உப்பளக்காரர் தனகோடியின் கம்ப்யூட்டர். நம்பாதவள் ஒருத்திதான்: தனகோடியின் தங்கை, கூனிமேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சூர்யகலா.

சாமியின் பெயர் தட்சணாமூர்த்தி. பெயரிலேயே வசூலோடு பிறந்தவர். பக்தர் வரிசையின் வால் புதுச்சேரி எல்லையில், பொம்மையார்பாளையத்தில் இருந்தது. சென்னை பஸ் சுற்றிக்கொண்டு போனது. ஆளாளுக்கு இடுப்பில் ஒரு மோடம், கைக்குழந்தை மாதிரி.

"ஏடிஎஸ்எல், விடிஎஸ்எல், ஜி.டிஎம்டி... மூணும் அக்கா தங்கச்சி மோகினிங்க. கம்பி வழியா வந்து மோடத்துல குந்திக்கும்" என்பார். திரையில் எதையோ தட்டுவார். துண்டால் மூடிக்கொண்டு ஃபோன் கம்பிப் பெட்டியைத் துடைப்பார். பிறகு ஒரு பிடி உப்பைச் சுற்றி அதற்குள்ளேயே கொட்டுவார். திருஷ்டி கழியுமாம். பதினோரு நாள் நெட் பறக்கும். பன்னிரண்டாம் நாள் சாகும். மறுபடி சாமி, மறுபடி தட்சணை.

அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். தனகோடியின் மகள் செந்தமிழுக்கு நாலு மணிக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. செல்போன் டவரும் படுத்திருந்தது. சாமி உப்போடு வந்தார். சூர்யகலா ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாள்.

பெட்டியைத் திறந்தாள். கம்பி பச்சையாகப் பூத்து, உப்பு நசநசத்தது.

"ஏண்ணா, அளத்துல இரும்பு வாளி எத்தினி நாள் தாங்கும்?"

"ஒரு பருவம் தாங்கினாலே பெருசு. உப்பு தின்னுடும்ல?"

"அப்ப இந்தக் கம்பிய மட்டும் தடவிக் குடுக்குமா?"

தலைமுறை தலைமுறையாக உப்பிலேயே புரளும் ஊருக்கு இது தோன்றவில்லை!

"அது சாதா உப்பு. இது மந்திரிச்சது, அரிக்காது" என்றார் சாமி.

"அப்படிங்களா? உங்க ஃபோனைக் குடுங்க சாமி. சார்ஜ் போடற ஓட்டையில ஒரு சிட்டிகை போட்டுப் பாக்கலாம்."

சாமி ஃபோனை மடியில் செருகிக்கொண்டு எடுத்த ஓட்டத்தில் புதுச்சேரி பஸ் இரண்டு பின்தங்கின.

சூர்யகலா கம்பியைப் புதிதாகச் சீவி இணைத்தாள். மோடம் செட்டிங்கைப் பார்த்துச் சிரித்தாள். "மோகினியும் இல்ல, முனியும் இல்ல. ஒரே கம்பியில தகவல் போற வேற வேற முறைங்க. எக்ஸ்சேஞ்ச் எந்த பாஷை பேசுதோ, மோடமும் அதையே பேசணும். அந்தாளு வேணும்னே ஒரே பாஷையில பூட்டி வெச்சிருக்கான்; கம்பி சுத்தமா இருந்தா பேசும், அரிச்சா படுத்துடும்." 'ஆட்டோ' என்று வைத்தாள். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நின்று எரிந்தது.

செந்தமிழ் கம்ப்யூட்டரைப் பார்த்து அலறினாள். "போச்சு அத்தே! மணி நாலு பத்து!"

"என் வாட்ச்சுல மூணு அம்பதுதான். குந்துடி."

ஐந்து மணிக்கு செந்தமிழ் வேலையோடு எழுந்தாள்.

தனகோடி மட்டும் விடவில்லை. "எல்லாம் சரிம்மா. அனுப்பறதுக்கு முன்னாடியே பதில் வந்துச்சே?"

சூர்யகலா மெயிலைத் திறந்தாள். அனுப்பியது பத்து இருபது. பதில் வந்தது பத்து பத்து.

"நடந்தது நிஜந்தாண்ணா, ஒத்துக்கறேன். உன் கம்ப்யூட்டர் கடியாரம் இருபது நிமிஷம் முன்னாடி போவுது; பதில் போட்டவங்க கடியாரம் சரியா ஓடுது. நீங்க இருநூறு வருஷம் பின்னாடி போறீங்க. பதில் முன்னாடியே வராம என்ன பண்ணும்?"