சின்ன ர, பெரிய ற

டிவி நாடகம் ஒன்றை ஒழித்துக்கட்டுவது என்று 1988-ல் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். பாடி தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்க்கும் ஜேசுராஜ் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். ஆறிய தோசை மனிதனை என்ன வேண்டுமானாலும் செய்ய வைக்கும்.

நாடகத்தின் பெயர் 'தும்மல் துரைக்கண்ணு'. செவ்வாய்தோறும் வரும் துப்பறியும் தொடர். திருடன் பக்கத்தில் வந்தால் துரைக்கண்ணுவுக்குத் தும்மல் வரும். அதுதான் துப்பு. இதைப் பார்க்க எங்கள் அம்பத்தூர் தெருவில் பாதிப் பேர் என் வீட்டில்தான் இருப்பார்கள். டிவி என்னுடையது, நாற்காலி எதிர்வீட்டு லூர்தம்மாளுடையது. நான் அரிசி மூட்டை மேல். என் மனைவி சகாயமேரி ஏழு மணிக்கே தோசையைச் சுட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். துரைக்கண்ணு மூக்கைத் தொட்டாலே போதும், விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என் ஜோக் எதற்கும் அப்படிச் சிரித்ததில்லை. தோசை ஒரு சாக்கு. எனக்குப் பொறாமை, அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு அம்மா நேயர் கடிதம் வாசிப்பார். பத்துப் பேர் திட்டி எழுதினால் நாடகத்தைத் தூக்கிவிடுவார்கள் என்று கூட வேலை பார்க்கும் பரந்தாமன் சொன்னான். பத்துப் பேருக்கு நான் எங்கே போவது? நானே பத்துப் பேர் ஆனேன். பத்து போஸ்ட் கார்டு வாங்கி முதலில் டிவி நிலைய விலாசமும், அனுப்புகிறவர் பெயரும் ஊரும் எழுதினேன். அங்கம்மா, நூம்பல். கன்னியப்பன், வேலப்பன்சாவடி. நாகவல்லி, ஆவடி. எழுதி, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து பைபிளுக்குள் வைத்தேன். அதை நான் திறந்து வருஷக்கணக்கு ஆகிறது.

மறுநாள் விஷயத்தை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடறியது. 'படு அறுவை' என்று எழுத வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கும் அந்த இரண்டு ர-வுக்கும் தீராத தகராறு. சகாயமேரி எஸ்.எஸ்.எல்.சி.

"மேரி, அறுவைக்கு எந்த ர?"

"எதுக்கு?"

"யூனியன் மீட்டிங்ல ஒருத்தன் பேசினான். அதப் பத்தி எழுதறேன்."

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"சின்ன ர தான். தகிரியமா எழுதுங்க."

பத்திலும் எழுதினேன். 'தும்மல் துரைக்கண்ணு படு அருவை. இப்படி ஒரு அருவையை எங்கள் ஊர் பார்த்ததில்லை. தக்க முடிவு எடுக்கவும்.' 'நிறுத்தவும்' என்றே போட்டிருப்பேன். அதற்கும் எந்த ர என்று கேட்டால் சந்தேகம் வந்துவிடும்.

ஞாயிறு வந்தது. லூர்தம்மாளுக்கு முன்னால் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தேன். கடிதம் வாசிக்கிற அந்த அம்மா டிவியில் என் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அம்பத்தூர், ஆவடி பக்கமிருந்து மட்டும் பத்துக் கடிதங்கள். எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். 'தும்மல் துரைக்கண்ணு படு அருமை. இப்படி ஒரு அருமையை எங்கள் ஊர் பார்த்ததில்லை.' கேட்டபடியே தக்க முடிவு எடுத்துவிட்டோம். தொடர் இன்னும் பதின்மூன்று வாரம் வரும்."

லூர்தம்மாள் கை தட்டினாள். கூட்டம் கலைந்ததும் சகாயமேரி பக்கத்தில் வந்தாள்.

"உங்க வ-வுக்கும் ம-வுக்கும் இன்னா வித்தியாசம் கீது? நிச்சயம் ஆனப்போ 'வருவேன்'னு லெட்டர் போட்டீங்க. 'மருமேன்'னு படிச்சிட்டு ஊடே சிரிச்சுது. இன்னும் பத்திரமா வச்சிகினு கீறேன்."

பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரிய ற போட்டிருந்தால் அது 'அறுமை' ஆகியிருக்கும். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, யோசித்துப் பார்த்து அறுவை என்று படித்திருப்பார்கள். சின்ன ர-தான் என்னைக் கவிழ்த்தது.

"அப்போ தெரிஞ்சேதான் சொன்னியா?"

"பைபிள நீங்க தொறக்கறதில்ல. நான் தெனம் தொறக்கறேன்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். துரைக்கண்ணுவுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. இந்த முறை எனக்காக. தோற்ற மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரக்கூடாதுதான், வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஆறிய தோசையைப் பிய்த்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"அருமை" என்றேன்.

"எந்த ர?" என்றாள்.