சம்பந்தியிடம் தோற்பது எப்படி

முதல் காயைப் பலகையின் நட்டநடுவில் வைத்துவிட்டு, ரயில்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். பல் டாக்டர் மனசுக்குள் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார்.

யாராவது நடுவில் தொடங்கினால் என்ன செய்வது என்று புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. மூலையில் தொடங்க வேண்டும், பிறகு ஓரம், கடைசியில்தான் நடு. அட்டை கிழிகிற அளவுக்குப் படித்திருந்தார். இந்த மனிதர் என்னடாவென்றால் வீட்டுக்குள் கூரை வழியாகக் குதிக்கிறார்.

எல்லாம் மகளின் காதலால் வந்தது.

"அவங்க அப்பா லேசுல சம்மதிக்க மாட்டார்ப்பா. ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேசவே மாட்டார். கட்டம் போட்ட பலகைல கறுப்பு வெள்ளைக் காய் வெச்சு ஆடுறதுன்னா மட்டும் உயிர். கூட உட்கார்ந்து ஆடிப் பார்த்துத்தான் ஆளையே எடை போடுவாராம்."

"இவ்வளவுதானே? அதுக்குப் பேரு கோ. நான் கத்துக்கிறேன்" என்றார் டாக்டர், பெயரை எங்கோ படித்திருந்த தைரியத்தில்.

புத்தகமும் பலகையும் வாங்கினார். காய்களை வேலி மாதிரி வைத்துக் காலி இடத்தை வளைக்க வேண்டும். எதிராளியின் காயை நாலு பக்கமும் அடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். யார் அதிக இடம் வளைத்தாரோ அவருக்கு வெற்றி. படிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. பழகிப் பார்க்க மனைவியை எதிரில் உட்காரவைத்த பிறகுதான் சிக்கல்.

"இங்க ஏன் வெச்ச? நான் இங்க வெச்சா நீ அங்க வெக்கணும். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு? நான் எதுக்கு அது சொல்றபடி வெக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் அவருடைய காய்களை ஒரு கொத்தாக வழித்தெடுத்துக்கொண்டு, அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது ரயில்காரரும் அதே ஜாதி. ஒரு காய் நடுவில். அடுத்தது அதற்குப் பக்கத்திலேயே. மூலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் நிம்மதியாக மூலைக்கு மூலை வேலி போட்டார். கொஞ்ச நேரத்தில் ரயில்காரர் கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

டாக்டருக்கு வியர்த்தது. இது என்ன நகர்வு? ஒருவேளை 'இந்த முறை நான் வைக்கவில்லை, நீங்களே ஆடுங்கள்' என்கிறாரோ? புத்தகத்தில் அப்படி ஒரு விதி உண்டு. ஆடினார்.

ரயில்காரரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவரும் ஏதோ யோசித்தபடி ஒரு காயை வைத்தார். டாக்டர் பேச வாயெடுத்தார். "உஷ்" என்று உதட்டில் விரல் வைத்தார் ரயில்காரர். வாயைத் திறந்து வைத்தும் பதில் சொல்ல முடியாதவர்களிடம் நாள் முழுக்கப் பேசியே பழகிய டாக்டருக்கு, அந்த ஒரு 'உஷ்' சொத்தைப் பல்லைவிட வலித்தது.

இருட்டும்போது எண்ணிப் பார்த்தால் டாக்டர் ஜெயித்திருந்தார். அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை.

"மன்னிச்சிடுங்க. ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்துல ஜெயிச்சிட்டேன்."

ரயில்காரர் அவரை நெடுநேரம் பார்த்தார். "பரவால்ல" என்றார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணைக் கொடுக்கப் போற இடத்துல போய் ஜெயிச்சுட்டா வந்தீங்க? மனுஷன் சம்மதிப்பாரா?"

"சரி, அடுத்த ஞாயிறு தோத்துட்டு வரேன். தோக்குறது என்ன பெரிய வித்தையா?"

வித்தைதான் என்று அடுத்த ஞாயிறு தெரிந்தது. டாக்டர் தன் காய்களைத் தனித்தனியாக, அநாதையாக, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாக வைத்தார். ரயில்காரர் சீண்டவில்லை. மறுபடியும் நடு, மறுபடியும் கை கட்டல், மறுபடியும் அந்தச் சிரிப்பு. ஊட்டிவிட்டாலும் விழுங்க மாட்டேன் என்கிற மனிதரிடம் எப்படித் தோற்பது? எப்படி எடுப்பது என்று காட்டினாலாவது புரிந்துகொள்வாரென்று, டாக்டர் அவருடைய காய் இரண்டை அடைத்து, எடுத்து, தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மரத்துப்போகும் ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கியதுபோல் ரயில்காரர் துடித்துப் போனார். ஆனாலும் அடுத்த காயை வைத்தார். கடைசியில் எண்ணினால், போன வாரத்தைவிடப் பெரிய வெற்றி.

"மறுபடியும் நானே ஜெயிச்சிட்டேங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்ல இல்ல" என்றார் ரயில்காரர். வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்.

"அவர் மட்டமா ஆடலடி" என்று வீட்டில் விளக்கினார் டாக்டர். "ரொம்ப ஆழமா ஆடுறார். எனக்குத்தான் எட்டல."

"ஆழத்துல இறங்கினா நீங்களும் நனைஞ்சுடுவீங்க. பேசாம அவர் வெக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே வெச்சுட்டுப் போங்க. மூலைல உட்கார்ந்து என்ன சாதிச்சீங்க?"

மூன்றாவது ஞாயிறு டாக்டர் அப்படியே செய்தார். ரயில்காரர் எங்கே வைத்தாலும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். அதிசயம் நடந்தது. ரயில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்பத்தான் சூடு பிடிக்குது" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம்! டாக்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கல்யாண மண்டபமே தெரிந்தது. அந்த மயக்கத்தில் ரயில்காரரின் காய் ஒன்றை நாலு பக்கமும் அடைத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. கை கவனித்தது. முப்பது வருஷமாகப் பிடுங்கிப் பழகிய கை, சட்டென்று பிடுங்கிவிட்டது.

"வெச்ச காயை எடுக்கிறீங்களே?"

"எடுக்கணும்லங்க? செத்துடுச்சே."

"செத்துடுச்சா?"

"ஆமாங்க. மூச்சு விட இடமில்ல பாருங்க, பாவம்."

ரயில்காரர் காயைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். சத்தம் வராமல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று உள்ளே போனார். திரும்பி வரவே இல்லை.

அன்று மகள் அழுதாள். "என்னப்பா பண்ணீங்க? அவங்க அப்பா ரூமைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காராம்."

டாக்டர் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டார். பலகையையும் போட்டார். மனைவி அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை போன் வந்தது. ரயில்காரரேதான்.

"கல்யாணத்தை அடுத்த மாசமே வெச்சுடலாம். உங்க பக்கம் எந்தச் செலவும் வேணாம். நீங்க எதையும் நினைச்சு மனசை அலட்டிக்காதீங்க. நல்லா தூங்குங்க."

வீடு தலைகீழானது. மகள் குதித்தாள். மனைவி பழையபடி பேசத் தொடங்கினாள். டாக்டர் மட்டும் அமைதியாகச் சிரித்தார். எதிர்பாராத நகர்வுக்கு எதிர்பாராத நகர்வு. இதையெல்லாம் புத்தகம் சொல்லித் தராது.

அந்த வாரமே ரயில்காரரின் மனைவி பல்வலி என்று கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, வாயில் பஞ்சை அடைத்து, பல்லை ராவிக்கொண்டே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளும்மா. நடுவுல ஒரு காயை வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டுச் சிரிப்பார் பாருங்க, அப்படியே உறைஞ்சு போயிடுவேன். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு கடைசி வரைக்கும் பிடிபடல."

"ம்ம்... ம்ம்ஹூம்" என்று அந்த அம்மாள் கையை ஆட்டினார்.

"வலிக்குதா? இதோ, ஆச்சு. ஆனா நானும் விடலையே! கடைசில என் ஆட்டத்தைப் பார்த்துத்தானே மனசு மாறினார்?"

அம்மாள் பஞ்சைத் தானே எடுத்தார். வாயைக் கொப்பளித்தார். டாக்டரைக் கனிவாகப் பார்த்துவிட்டு, குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"அஞ்சு காய் வரிசையா வந்தா ஜெயிச்சாச்சு, அவ்வளவுதானே டாக்டர் அவர் ஆடுற ஆட்டமே? வாராவாரம் தோத்தது தெரியாம இருட்டுற வரைக்கும் காய் வெச்சு, அவர் காயையும் எடுத்து வெச்சுக்கிட்டு, 'ஜெயிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னுட்டுப் போவீங்களாமே? அவர் கண் கலங்கிச் சொன்னார்... 'பாவம், அந்தப் பொண்ணு அங்க எவ்வளவு கஷ்டப்படுதோ, சீக்கிரமா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்'னு."